பக்கத்துத் தோட்டத்தில் பட்டுப்புழு: மக்காச்சோளத்துக்கு மருந்து அடிப்பது எப்படி?

உடுமலையை அடுத்த குடிமங்கலம் பக்கத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இதுதான். கிணற்றுத் தண்ணீரில் மூன்று ஏக்கர் மக்காச்சோளம். முளைத்து மூன்று வாரம். குருத்துக்குள் படைப்புழு இறங்கிவிட்டது. கிழக்குப் பொழியை (எல்லை வரப்பை) ஒட்டி, பக்கத்துத் தோட்டத்து அண்ணன் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறார். போன பருவத்தில் நீங்கள் அடித்த மருந்து காற்றில் போய் அவருடைய கொட்டகையில் புழுக்கள் செத்தன. அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. இப்போது ஆடிக்காற்று. பவர் ஸ்பிரேயரில் அடிப்பதா, டிரோன் வரவழைப்பதா, அடிக்காமலே விட்டுவிடுவதா?

அடிக்கலாம். ஆனால் பவர் ஸ்பிரேயரும் வேண்டாம், டிரோனும் வேண்டாம். முதுகில் மாட்டும் கைத்தெளிப்பானோ பேட்டரி தெளிப்பானோ போதும். அழுத்தத்தைக் குறைத்து, துளியைப் பெரிதாக்கி, குருத்துக்குள் விழும்படி, காலையில் அடியுங்கள். கிழக்கு ஓரத்துப் பத்துச் சாலுக்கு (செடி வரிசைக்கு) மட்டும் தெளிப்பானையே கொண்டு போகாதீர்கள். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான் அந்தந்த நாளின் காற்றைப் பார்த்து நீங்களே முடிவெடுக்க முடியும்.

படைப்புழுவும் பட்டுப்புழுவும் தூரத்துச் சொந்தங்கள். இரண்டும் அந்துப்பூச்சியின் புழுப் பருவம். படைப்புழு இந்தியாவில் 2018ஆம் ஆண்டு கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்டு, சில மாதங்களிலேயே நம் வயல்காடுகளுக்கும் வந்து சேர்ந்தது. அதைக் கொல்வதற்காகவே தேர்ந்தெடுத்த எமாமெக்டின் பென்சோயேட்டும் குளோரான்ட்ரனிலிப்ரோலும் பட்டுப்புழுவையும் அதே வழியில்தான் கொல்லும். உங்கள் சோளத்துக்குக் கணக்குப் போட்ட அளவு மல்பெரி இலைக்குப் போய்ச் சேர வேண்டியதில்லை. அதில் மிகச் சிறு பங்கு படிந்தாலே போதும். புழு தலையை ஆட்டும், வாந்தி எடுக்கும், உடல் சுருங்கும், தட்டிலேயே கிடந்து சாகும். சில நேரம் சாகாமல் வளர்ந்து, கடைசியில் கூடு கட்டாமல் ஏமாற்றும். கூடு கட்டுவதற்கு முந்தைய ஐந்தாம் பருவத்துப் புழுவுக்கு இப்படி நேர்ந்தால், அதுவரை போட்ட தழையும் கூலியும் முழுக்க நட்டம். அந்த அண்ணனின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொண்டு மேலே போவோம்.

மருந்து காற்றில் போவதற்குப் பெரும் காரணம் காற்று என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். காற்றைவிட முந்தி நிற்பது துளியின் அளவு. தலைமுடியின் பருமன் ஏறத்தாழ 70 முதல் 100 மைக்ரான். அந்த அளவுத் துளி, பயிருக்கு மேல் 60 சென்டிமீட்டர் உயரத்தில் நாசிலை விட்டுக் கிளம்பினால், கீழே வந்து சேர இரண்டு விநாடிக்கு மேல் ஆகும். மணிக்கு 10 கிலோமீட்டர் காற்று அதற்குள் அதை ஆறு மீட்டர் தள்ளிவிடும். அதில் பாதி அளவுத் துளி, அதாவது 50 மைக்ரான், கீழே வர எட்டு விநாடி எடுத்துக்கொண்டு இருபது மீட்டரைத் தாண்டும். 200 மைக்ரான் துளியோ ஒரு விநாடிக்குள் விழுந்துவிடும்; இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் நகராது. காற்று ஒரே சீராக வீசினால் வரும் கணக்கு இது. உண்மையில் காற்று எழும்பிச் சுழலும், தூரமும் கூடும்.

இதில் வெயிலையும் சேர்த்துப் பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில், ஈரப்பதம் பாதியாக இருக்கும் நேரத்தில், 100 மைக்ரான் தண்ணீர்த் துளி கால் நிமிடம் போலத்தான் உயிரோடு இருக்கும். 50 மைக்ரான் துளி நான்கு விநாடியில் வற்றிவிடும். வற்றுவது தண்ணீர் மட்டுமே, மருந்து வற்றாது. துளி கீழே வருவதற்குள் சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத துகளாகி, இன்னும் எளிதாக மிதக்கும். உச்சி வெயிலில் அடித்துவிட்டு "காற்றே இல்லையே, எப்படிப் போனது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

நம்மிடம் ஊறிப்போன ஒரு நம்பிக்கை உண்டு: மருந்து புகை போல வந்தால்தான் செடி முழுக்கப் படும். வாடகைக்கு அடிக்க வருபவர்களும் அப்படி அடித்துக் காட்டினால்தான் தோட்டக்காரருக்குத் திருப்தி. எச்.டி.பி. எனப்படும் பவர் ஸ்பிரேயரின் துப்பாக்கியை முறுக்கிப் புகையாக விட்டால் பார்க்க நிறைவாகத்தான் இருக்கும். இலையின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் நுண்துளியால் பயன் உண்டு என்பதை மறுக்கவில்லை. படைப்புழு இருக்கும் இடமோ வேறு. ஒரு செடியின் குருத்தை விரித்துப் பாருங்கள். மரத்தூள் போல எச்சம் அடைத்திருக்கும்; அதற்கும் கீழே, சுருண்ட இலைகளுக்கு நடுவில் புழு பதுங்கியிருக்கும். மேலே மிதக்கும் புகை அங்கே இறங்காது. இறங்குவது கனமான துளி. அது இலை வழியே வழிந்து, குருத்தின் புனலில் சேர்ந்து, புழு இருக்கும் இடத்துக்கே போகும். உங்கள் புழுவைக் கொல்லும் துளியும் அண்ணனின் புழுவைக் காப்பாற்றும் துளியும் ஒன்றே என்பது இந்தப் பயிரில் உங்களுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. அதை விட்டுவிடாதீர்கள்.

பெரிய துளிக்கு வழி அழுத்தத்தைக் குறைப்பது. பேட்டரி தெளிப்பான் பலவற்றில் வேகம் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறது. அதைப் பாதிக்குக் கொண்டு வாருங்கள். அழுத்தத்தைப் பாதியாக்கினால் மருந்து வரத்தும் பாதியாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். பத்தில் ஏழு பங்கு வரும். நடையைச் சற்றுக் குறைத்தால் சரியாகிவிடும். நாசில் விஷயத்தில், வெற்றுக் கூம்பாக நுண்துளி போடுவதைக் கழற்றிவிட்டு விசிறி நாசில் மாட்டி, விசிறியின் அகலம் சாலின் நீளவாக்கில் வரும்படி திருப்பிக்கொள்ளுங்கள். அப்போது மருந்து செடிவரிசையின் மேலேயே விழும், இடைவெளியில் வீணாகாது. காற்றை உள்ளிழுத்துப் பெருந்துளி போடும் நாசில்களும் விற்கின்றன. அவை கிடைத்தால் இன்னும் நல்லது.

நாசிலைக் குருத்துக்கு ஒரு சாண் உயரத்திலேயே பிடியுங்கள். உயரம் குறையக் குறைய, துளி காற்றில் இருக்கும் நேரமும் குறையும். கையை வீசி வீசி அடிக்கும் பழக்கத்தை, குறைந்தது இந்தக் காட்டிலாவது, விட்டுவிட வேண்டும். ஒட்டும் திரவம் கலப்பதாக இருந்தால் அளவோடு கலக்கவும். அந்தத் திரவங்களில் பல தண்ணீரின் பிடிப்பைத் தளர்த்தி, துளியை இன்னும் சிறிதாக உடைக்கக்கூடியவை.

பழைய பித்தளை நாசிலை ஊசியால் குத்திச் சுத்தம் செய்திருந்தால் அதன் ஓட்டை கோணலாகியிருக்கும். புது நாசிலில் ஒரு நிமிடம் வரும் தண்ணீரை அளவுக் குவளையில் பிடித்துப் பாருங்கள், பழையதிலும் பிடியுங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக வந்தால் பழையது குப்பைக்கு. அடைப்பு எடுக்கப் பழைய பல்துலக்கி போதும்.

இனிக் காற்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவம் வந்தால் அரபிக்கடல் காற்று அந்த வாசல் வழியாக நுழைந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று அடித்துக்கொண்டு போகிறது. குடிமங்கலம், பூளவாடி, கேத்தனூர் எங்கும் காற்றாலைகள் நிற்பதன் காரணமும் இதுவே. ஆடியில் இந்த மேல்காற்று (மேற்கிலிருந்து வரும் காற்று) திசை மாறுவது அபூர்வம். ஆக, உங்கள் காட்டில் கிளம்பும் எந்தத் துளிக்கும் போக்கிடம் கிழக்கு, கிழக்கே மல்பெரி. ஐப்பசிக்குப் பிறகு கீழ்காற்று திரும்பும்போது அவர் அடிப்பது உங்கள் பக்கம் வரும். இரண்டு பேருக்கும் ஒரே காற்று என்பதை அவரிடம் பேசும்போது சொல்லலாம்.

மருந்து அடிக்க ஏற்ற காற்று மணிக்கு 3 முதல் 10 கிலோமீட்டர் வரை. கருவி வேண்டாம். முகத்தில் லேசாகக் காற்று தெரிந்து, இலை சலசலத்து, சிறு கிளை ஆடாமல் இருந்தால் அடிக்கலாம். கிளைகள் ஓயாமல் ஆடினால் நிறுத்துங்கள். ஆடி மாதத்தில் அந்தப் பொறுமையான காற்று பொழுது விடிந்து ஒன்றிரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். ஒன்பது மணிக்கு மேல் காற்று ஏறிவிடும். மூன்று ஏக்கரையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டால் கடைசி ஏக்கர் காற்றோடு போகும். நாளுக்கு ஓர் ஏக்கர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

காற்றாலையைப் பார்த்து முடிவெடுக்கிறேன் என்று நம் பக்கத்தில் பலர் சொல்வார்கள். திசைக்கு அது சரி; முகம் திரும்பியிருக்கும் பக்கத்திலிருந்துதான் காற்று வருகிறது. வேகத்துக்கு அதை நம்பக் கூடாது. இறக்கை சுழலும் உயரம் வேறு, உங்கள் நாசில் இருக்கும் உயரம் வேறு. இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது: மேலே இறக்கை சுழல்கிறது, கீழே ஓர் இலைகூட அசையவில்லை என்றால் அதை நல்ல நேரம் என்று எண்ணிவிடாதீர்கள். தெளிந்த வானம் உள்ள இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று கீழேயும் சூடான காற்று மேலேயும் மூடி போட்டது போல நின்றுவிடும். அந்த நேரத்தில் அடிக்கும் நுண்துளி மேலே கலைந்தும் போகாது, கீழே விழவும் விழாது. மெல்ல நகர்ந்து, பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே மொத்தமாகப் போய்ச் சேரும். மார்கழி, தை மாதங்களில் இது அடிக்கடி நடக்கிறது. அறிய எளிய வழி, காட்டோரத்தில் கொஞ்சம் காய்ந்த சருகைக் கொளுத்திப் புகையைப் பார்ப்பது. புகை எழும்பிக் கலைந்தால் அடிக்கலாம். கயிறு கட்டியது போலக் கிடைமட்டமாக நீண்டால், வெயில் ஏறிப் பனி விலகும்வரை தெளிப்பானைக் கீழே வையுங்கள். பொழுது சாய்ந்த பிறகு அடிப்பதிலும் இதே ஆபத்து உண்டு. படைப்புழு இரவில்தான் வெளியே வரும், அதனால் மாலையில் அடிப்பதே சிறப்பு என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். மல்பெரி பக்கத்தில் இல்லாத காட்டுக்கு அது சரியான யோசனை. உங்களுக்குக் காலைதான்.

அடிக்கும் வரிசையும் முக்கியம். சால் தெற்கு வடக்காக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிழக்கு ஓரத்துப் பத்துச் சாலை விட்டு, பதினொன்றாவது சாலில் தொடங்கி, ஒவ்வொரு சாலாக மேற்கு நோக்கி நகருங்கள். நாசில் உங்கள் கிழக்குக் கை பக்கம் இருக்கட்டும். அப்போது நீங்கள் எப்போதும் மருந்து படாத பக்கம் நடப்பீர்கள். கிளம்பும் சாரல் ஏற்கெனவே அடித்த செடிகள் மேலேயே போய் விழும். காற்றில் போகும் மருந்து அண்ணனின் மல்பெரிக்குப் போகும் முன் அடிப்பவரின் மூச்சுக்குத்தான் முதலில் போகிறது. முழுக்கைச் சட்டை, முகமூடி, கையுறை இல்லாமல் ஆளை இறக்காதீர்கள்.

விட்டுவைத்த பத்துச் சாலுக்கு வருவோம். 60 சென்டிமீட்டர் இடைவெளியில் பத்துச் சால் என்றால் ஆறு மீட்டர். சாலின் நீளம் 100 மீட்டர், செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர் என்றால் நாலாயிரம் செடி. மலைக்க வேண்டாம், கையாலேயே செய்யலாம். ஒன்பது பங்கு மணலும் ஒரு பங்கு சுண்ணாம்பும் கலந்து, சிட்டிகை சிட்டிகையாகக் குருத்தில் போடுவது இளம்பயிரில் பரிந்துரைக்கப்படும் முறை. புழு பெருத்துவிட்டால் விஷத்தவிடு. ஏக்கருக்கு 10 கிலோ தவிடு, 2 கிலோ வெல்லம், பிசையும் அளவுக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர். ஒரு நாள் புளிக்கவிட்டு, போடுவதற்கு அரை மணி நேரம் முன்பு 100 கிராம் தயோடிகார்ப் பூச்சிமருந்து கலந்து, குருத்துக்குள் மட்டும் போட வேண்டும். கையுறை கட்டாயம். தரையில் சிந்தினால் மயிலும் ஆடும் தின்றுவிடும். நம் பக்கத்தில் மயிலுக்குக் குறைவே இல்லை. ஓரத்துக்கு மட்டும்தான் என்பதால் இதே விகிதத்தில் கொஞ்சமாகச் செய்துகொள்ளுங்கள். இந்த இரண்டிலும் காற்றில் பறக்கும் மருந்துச் சாரல் இல்லை.

மீதிக் காட்டுக்கு எந்த மருந்து? எமாமெக்டின் பென்சோயேட் 5 சதவீதம், 10 லிட்டருக்கு 4 கிராம். குளோரான்ட்ரனிலிப்ரோல் நன்றாகக் கேட்கும் மருந்துதான். ஆனால் அது இலையில் வாரக்கணக்கில் தங்கும். மல்பெரியில் ஒரு சாரல் பட்டால் அந்த அறுவடைத் தழை முழுக்கச் சந்தேகத்துக்குரியதாகிவிடும். எமாமெக்டின் வெயிலில் சீக்கிரம் சிதையும். பட்டுப்புழுவுக்கு இரண்டுமே எமன். தவறிப் பட்டால் எது சீக்கிரம் தீரும் என்ற கணக்கில்தான் முன்னதைச் சொல்கிறேன்.

"அப்படியானால் இயற்கை மருந்து அடித்துவிடுகிறேன், யாருக்கும் கெடுதல் இல்லையே" என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா 1901ஆம் ஆண்டு ஜப்பானில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டதே நோயுற்ற பட்டுப்புழுவிலிருந்துதான். பிவேரியா பூஞ்சாணம் பட்டுப்புழுவுக்குச் சுண்ணாம்பு நோய் தருவது. மெட்டாரைசியம் பூஞ்சாணமும் பாதுகாப்பானது அல்ல. வேப்பெண்ணெய் மருந்தில் இருக்கும் அசாடிராக்டின் புழுவை இலை தின்னவிடாமல் செய்யும், தோலுரிப்பைக் கெடுக்கும். இவையெல்லாம் மனிதருக்கும் மாட்டுக்கும் நல்லவை. பட்டு வளர்ப்பவருக்குப் பக்கத்தில் நல்லவை அல்ல. இயற்கை என்ற பெயரைப் பார்த்துக் காற்றைப் பார்க்காமல் அடித்துவிடாதீர்கள்.

டிரோன் வேண்டாம் என்றதற்குக் காரணம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது மானியமும் விளம்பரமும் அந்தப் பக்கம்தான். மத்திய அரசு 2021 டிசம்பரில் டிரோன் தெளிப்புக்கு வழிமுறைகளை வெளியிட்டது. நெல் போன்ற பரந்த வெளிக்கு அது நல்ல கருவி, ஆள் உடம்பில் மருந்து படுவதும் குறையும். ஆனால் ஏக்கருக்குப் பத்து லிட்டர் போலத்தான் அது கொண்டு போகிறது. அவ்வளவு சிறிய அளவுத் தண்ணீரில் பரப்ப வேண்டும் என்றால் மருந்தின் செறிவு கூட வேண்டும், துளி சிறிதாக வேண்டும். அதைப் பயிருக்கு மேல் ஓர் ஆள் உயரத்துக்கும் கூடுதலாக நின்று, விசிறிக் காற்றோடு விட வேண்டும். கணவாய்க் காற்றில், மல்பெரிக்கு மேற்குப் புறத்தில், இந்த மூன்றும் சேர்வது கூடவே கூடாது.

முதல் டேங்கில் மருந்து கலக்காமல் ஒரு சோதனை செய்துவிடுங்கள். வெறும் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரையுங்கள். பதினொன்றாவது சாலிலிருந்து பொழி வரையிலும், அண்ணன் சம்மதித்தால் அவருடைய முதல் மல்பெரி வரிசை வரையிலும், இரண்டிரண்டு மீட்டருக்கு ஒரு வெள்ளைத் தாளைக் குச்சியில் குத்தி நிறுத்துங்கள். அடிக்கப்போகும் அதே நேரத்தில், அதே நாசிலில், ஒரு சால் அடித்துவிட்டுத் தாளை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். செடிக்குப் பக்கத்தில் மிளகு போல அப்பிய புள்ளிகள் இருக்கும். தள்ளத் தள்ள கடுகுக்கும் சிறிய ஊசிமுனைப் புள்ளிகள். எந்தத் தாளில் புள்ளி நிற்கிறதோ அதுவே அன்றைய எல்லை. அதற்கும் சிறிய துளி கண்ணுக்குத் தெரியாது என்பதால் அந்தத் தூரத்தை இரண்டு மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். பொழிவரை புள்ளி வந்தால் அன்று அடிக்க வேண்டாம். அண்ணனும் கூட நின்று பார்த்தால் ஆயிரம் சமாதானத்தைவிட அது பெரிது.

அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, புழு எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பது. இளம்புழு வளர்ப்பு மையத்திலிருந்து இரண்டாம் தோலுரிப்பு முடிந்து வரும் புழு, கூடு கட்டும்வரை அவர் கொட்டகையில் இரண்டரை வாரம் போல இருக்கும். தின்பதில் பெரும்பகுதி கடைசி ஒரு வாரத்தில். அந்த வாரத்தில் நீங்கள் அடிக்காமல் தள்ளிப்போட முடிந்தால் அதுவே பாதி வெற்றி. தள்ள முடியாது என்றால், அடிக்கும் நாளுக்கு முந்தைய மாலையே மேற்கு ஓரத்துத் தழையை அவர் வெட்டி, நனைத்த சாக்கைப் போர்த்தி வைத்துக்கொள்ளட்டும். ஒரு நாள் தாங்கும். கொட்டகையின் மேற்குச் சாளரத்துக்குப் படுதா கட்டச் சொல்லுங்கள். அடித்த பிறகு ஓரத்துத் தழையை எல்லாப் புழுவுக்கும் போடாமல், இருபது முப்பது புழுவைத் தனித் தட்டில் வைத்து இரண்டு நாள் தின்னக் கொடுத்துப் பார்த்து, பிறகு முடிவெடுக்கட்டும்.

அடுத்த பருவத்துக்கு விதை நேர்த்தியோடு தொடங்குங்கள். சயான்ட்ரனிலிப்ரோலும் தயாமீத்தாக்சமும் சேர்ந்த விதை மருந்து கிலோவுக்கு 4 மில்லி. முதல் இரண்டு மூன்று வாரம் படைப்புழு அவ்வளவாக அண்டாது, ஒரு தெளிப்பு மிச்சமாகும். கிழக்குப் பொழியில் இரண்டு வரிசை சவுக்கு வைக்கலாம். ஊசி போன்ற இலை நுண்துளியை நன்றாக வடிகட்டும். சுவர் போல நெருக்கிவிடாதீர்கள். காற்று பாதி ஊடுருவிப் போக வேண்டும். முழுக்க அடைத்தால் மேலே ஏறிக் குதித்து அந்தப் பக்கம் சுழன்று இறங்கும். அகத்தியும் சவுண்டலும் சீக்கிரம் வளரும்தான். மருந்து பட்ட தழையை ஆட்டுக்கு ஒடித்துப் போட்டுவிடுவோம் என்பதால் அவற்றை நான் சொல்ல மாட்டேன்.

களைக்கொல்லிக்கும் ஒரு வார்த்தை. 2,4-டி எஸ்டர் வகை அடித்து முடித்த பிறகும் வெயிலில் ஆவியாகிக் கிளம்பும். நாசிலை எவ்வளவு மாற்றினாலும் அதைத் தடுக்க முடியாது. மல்பெரி, பருத்தி, தக்காளி, திராட்சை பக்கத்தில் இருந்தால் அதைக் கையால் தொடவே வேண்டாம். களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாள் காற்று திடீரென்று எழும்பி, சாரல் பொழியைத் தாண்டிவிட்டது என்று சந்தேகம் வந்தால், அந்த நிமிடமே அவருக்குச் சொல்லுங்கள். மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். மருந்தின் பெயர், அடித்த நேரம், எந்தச் சாலில் அடித்தீர்கள் என்ற மூன்றும் தெரிந்தால் அவர் அந்தத் தழையை ஒதுக்கிவிட்டு, கிழக்குப் பக்கத்துத் தழையை வெட்டிப் புழுவைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கும்.